பாட்டியின் செருப்பும் உயிரியல் பாடமும்



மனித உடலைப் பற்றி மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கிள்ளானில் பல ஆண்டுகள் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் நான். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் படிவம் ஐந்தில் ஒரு பையன் படித்தான். சிறுநீரகத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். ஒருநாள் வகுப்பில், "சார், எங்க பாட்டிக்குச் செருப்பு கழன்றதுகூடத் தெரியல. ஒத்தச் செருப்போட கடைக்குப் போய்ட்டு வந்துட்டாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாட்டிக்கு இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்டேன். "ஆமா சார், ரொம்ப வருஷமா" என்றான்.

இனிப்பு நீர் என்கிறோம். மலாய் மொழியில் கென்சிங் மானிஸ். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். சர்க்கரை கூடுவது இரத்தத்தில். பிறகு சிறுநீர் ஏன் இனிக்கிறது? படம் வரைந்த பையனுக்குப் பதில் தெரியவில்லை. தேர்வில் அப்படி யாரும் கேட்டதில்லையே!

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றது திரும்பவும் இரத்தத்துக்கே போகிறது, சர்க்கரையும் அதோடு திரும்புகிறது. ஆனால் திருப்பி அனுப்பும் நுண்குழாய்களுக்கும் ஒரு சக்தி உண்டல்லவா? இரத்தச் சர்க்கரை 10 மில்லிமோல் அளவைத் தாண்டினால், மிஞ்சியது சிறுநீரில் இறங்கிவிடும். போகும்போது தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம் எல்லாம் அதனால்தான். எறும்பு மொய்க்கிறது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் கதையல்ல.

சரி, செருப்புக்கு வருவோம். கால் விரலின் உணர்ச்சியைக் கொண்டு வரும் நரம்பிழை முதுகுத்தண்டின் அருகிலிருந்து விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு இரத்தம் தரும் நுண்ணிய நாளங்களும் கெடுகின்றன. நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். அதனால் மரத்துப் போவது பாதத்தில் ஆரம்பிக்கிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டுக் கணக்கு இது.

"இதை அப்படியே பாட்டிகிட்ட சொல்லுப்பா" என்றேன். "சாராஃப்னா தமிழ்ல என்ன சார்?" என்று கேட்டான். நரம்பு என்றேன். "அது கையில பச்சையா புடைச்சிருக்குமே, அதுதானே?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இரத்தக் குழாயையும் நாம் நரம்பு என்றுதானே சொல்கிறோம்! ஆரம்பப் பள்ளியில் தமிழ், இடைநிலையில் மலாய், மேற்படிப்பில் ஆங்கிலம். பையனுக்கு மூன்றிலும் சொற்கள் உண்டு. பாட்டியிடம் பேசத்தான் சொல் இல்லை.

தமிழில் இதெல்லாம் முடியுமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1860களிலேயே மருத்துவ மாணவர்களுக்குத் தமிழில் பாடம் நடத்தினார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அதே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். அந்நூலின் சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. எனக்கே சில புரியாது. ஆனால் அந்த மாணவர்கள் நோயாளியிடம் அவர் மொழியிலேயே பேசினார்கள். தேர்வை எந்த மொழியிலும் எழுதட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டில் சொல்லத் தெரிய வேண்டும் என்கிறேன்.

அன்று மாலை பாட்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். பெருவிரலுக்குக் கீழே புண் இருந்திருக்கிறது. எப்போது வந்தது என்று பாட்டிக்கே தெரியவில்லை, வலியே இல்லையாம். மறுநாளே கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் தப்பியது.

அடுத்த வாரம் வந்தவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. "சார், கண்ணுலயும் அந்த மாதிரிச் சின்னக் குழாய் இருக்குதானே?" என்று கேட்டான். அன்றைக்கு முழுவதும் கண்ணைப் பற்றித்தான் பேசினோம்.