கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனிக்கற்பாலவை
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்லூரி செல்லும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமென்று நகையை அடகு வைக்கும் பெற்றோர் நம்முள் பலர். ஆகையால் அதன் மூளையாகிய பிராசசரைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல், இணையவழிப் பாடங் கேட்டல் ஆகிய இவற்றிற்கு எளிய பிராசசரே போதுமானது. 2023-ம் வருஷம் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட என்100 அத்தகையது. நான்கு கோர்களுடன் 6 வாட் அளவிற்கு அமைக்கப்பட்டது.

பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. 'ஐ7' என்பது உயர்ந்த பெயரே. ஆயினும் 2011-ல் வந்த ஐ7-2600, விண்டோஸ் 11-க்கு ஏற்றனவென்று மைக்ரோசாப்ட் வகுத்த பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிவுற்றது. ஆதலின் பெயரினும் தலைமுறையே முதலில் விசாரிக்கத்தக்கது.

மேலும், இன்டெல் எண்ணின் ஈற்றில் 'எஃப்' இருப்பின், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதனுள் இல்லையென்று அறிக. ஐ3-12100எஃப் மலிவாயினும், தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரும். அச்செலவு மிச்சத்தை விழுங்கிவிடும். 'எஃப்' இல்லாத ஐ3-12100 அக்குறையற்றது.

மிஞ்சும் பணத்தில் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் வாங்குக. பழைய ஹார்டு டிஸ்க்கோடு சேர்ந்தால் உயர்ந்த பிராசசரும் காத்து நிற்கவே நேரும்.

கடன்பட்டு ஆடம்பரம் தேடாது, எஞ்சிய பொருளைப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கு வைப்பதே நம் குலத்தின் அபிவிருத்திக்கு மார்க்கமாகும்.