மலையகத்துப் பொறியியல் மாணவனுக்கு வேண்டுவது யாது?

(அட்டனில் நடந்த கல்விக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மலையகத்துப் பிள்ளையொன்று, மகனாயினும் மகளாயினும், பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பொறியியல் கற்கப் புறப்படும் நாளில் தோட்டமே திரண்டு மாலை சூட்டுகிறது. சூட்ட வேண்டியதுதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், 1970கள் வரை துரைமாரின் தயவில் நடந்த தோட்டப் பள்ளிக்கூடங்களை நம்பியிருந்த மக்கள், இன்று இத்தகைய பிள்ளைகளை அனுப்புகின்றனர் எனின் அது சிறிய காரியமன்று. ஆனால் மாலை வாடிய பின் என்ன நேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. முதலாம் ஆண்டுப் பரீட்சையில் பிள்ளை தவறினால், “மாவட்ட ஒதுக்கீட்டில் போனவன்தானே” என்கிறார் ஒருவர். “நகரத்தைக் கண்டதும் படிப்பை மறந்துவிட்டான்” என்கிறார் மற்றவர். இருவர் கூற்றையும் நாம் மறுக்கிறோம்.

அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் இதே பழி கறுப்பின மாணவர்மீது சுமத்தப்பட்டது. பொறியியலுக்கு வாயிலான நுண்கணிதத்தில் அவர்களுட் பலர் தவறினர். ஊக்கமில்லை, வீட்டில் கல்வியில்லை என்றனர் ஆசிரியர். யூரி திரைஸ்மன் என்பவர் அதை நம்பிவிடாமல், கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வமிச மாணவர் 20 பேரையும் உடனிருந்து கவனித்தார். கண்டது யாது? கறுப்பின மாணவர் நன்றாகவே உழைத்தனர். ஆனால் தனித்தனியே உழைத்தனர். சீன மாணவரோ தனியே படித்தபின் கூடியிருந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினர். திரைஸ்மன் கடினமான கணக்குகளைக் கொடுத்து மாணவரைக் குழுவாக அமர்த்தினார். அக்குழுக்களிற் சேர்ந்த கறுப்பின மாணவரின் பெறுபேறு வெகுவாக உயர்ந்தது.

விடாமுயற்சியே வெற்றிக்கு வழி என்று இந்நாளிற் பலர் உபதேசிக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் ஆஞ்சலா டக்வர்த் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் அது மந்திரமாகவே ஆகிவிட்டது. அதில் உண்மை உண்டு. ஆயினும் அட்டையும் மழையும் பாராது கொழுந்தெடுத்து, நிறை குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்கில் வாழ்ந்த தாயின் பிள்ளைக்கா விடாமுயற்சியைப் போதிக்க வேண்டும்? அவனிடம் அது மிகுதியாகவே உண்டு. சில வேளை அதுவே அவனுக்குப் பகையாகிறது. விளங்காத பாடத்தை எவரிடமும் கேளாது, இரவு முழுதும் தனியே மல்லுக்கட்டுகிறான்.

கேட்க ஏன் தயங்குகிறான்? உயர்தரம் வரை தமிழிற் கற்றவன் பொறியியற் பீடத்தில் ஆங்கிலத்திற் கேட்க வேண்டும். பிழையாகக் கேட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். துரையிடமும் கங்காணியிடமும் எதிர்க்கேள்வி கேட்டவர் பட்ட பாட்டை வீட்டிலே கேட்டு வளர்ந்த தயக்கம். அதன்மேல், மகாபொல உதவிப்பணத்திலும் வீட்டுக்கு ஏதேனும் மிச்சம் பிடிக்க முடியுமா என்னும் கவலை. இவற்றில் எதையும் பரீட்சைத்தாள் அளப்பதில்லை.

தேயிலைத் துண்டத்தை நாற்றுமேடையிலிருந்து ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோவார் உண்டோ? நிழலை மெல்ல மெல்லக் குறைத்த பின்னரே மலையில் நடுகிறோம். பிள்ளையை மட்டும் லயத்துக் காம்பிராவிலிருந்து நேரே விரிவுரை மண்டபத்தில் இறக்கிவிடுகிறோம்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக நுழைவுக்கும் இடையே மாதங்கள் பல வீணே கழிகின்றன. அம்மாதங்களில் அட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் உள்ள பாடசாலை மண்டபங்களில் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, நுண்கணிதத்தை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் விளக்கச் செய்ய வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் பொறியியலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவலாமன்றோ? முதலாம் ஆண்டு முழுதும் மூத்த மாணவர் ஒருவர் வாரந்தோறும் “எந்தக் கணக்கு விளங்கவில்லை?” என்று கேட்க வேண்டும். “விளங்கியதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையசைத்துவிடுவர்! பெற்றோர்க்கும் ஒரு சொல்: ஒரு பாடம் தவறியதென்று செய்தி வந்தால், தோட்டத்தில் எப்படி முகம் காட்டுவோம் என்று பிள்ளையின் முன் அழாதீர்கள். அப்பாடத்தை மறுமுறை எழுதலாம்.