மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணி போதும்

பனி இறங்கினா நம்ம காவேரிப்பாக்கத்துல வீட்டுக்கு ஒருத்தருக்காவது மூக்கு அடைச்சுக்கும். கைக்குழந்தைன்னா பால் குடிக்க முடியாம அழும். உடனே கடையில சிரப் வாங்கிடறோம்.

2025 அக்டோபர் ஞாபகம் இருக்கா? கோல்ட்ரிஃப் சிரப் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சளி, இருமலுக்கு அதைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் இருந்தது.

சாதாரணச் சளி சில நாளில் தானா போயிடும். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணியில் கால் டீஸ்பூன் உப்பு கரைச்சு, பால் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடுங்க. இளகி வரும் சளியை மெல்லத் துணியால் துடைங்க. தினமும் புதுசா கரைக்கணும்.

மாமியார் கோவிச்சுக்கிட்டாலும் மூக்கில் எண்ணெய் விடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். கற்பூரத் தைலமும் வேண்டாம், வலிப்பு வரலாம். ஆவி பிடிக்கிறது பெரியவங்களோட நிக்கட்டும்; அப்பவும் வெந்நீர்க் குண்டான் கிட்ட பிள்ளைங்க வரக்கூடாது.

மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்காம சோர்ந்துபோனாலோ ராத்திரின்னு பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.