மனநலச் செவிலியர் பணி

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், இடையில் நின்றுவிடாமல் காக்கவும் பாடுபட்டு வந்துள்ளது. படித்து முடித்த பிள்ளை அடுத்து எங்கே செல்வது என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி. ஆசிரியர், காவலர், எழுத்தர் என்னும் சில பணிகளையே நாம் திரும்பத் திரும்ப எண்ணுகிறோம். நம்மில் பலர் எண்ணிப் பாராத ஒரு பணியைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறோம். ஊர்தோறும் வீடுதோறும் சென்று மனநோயாளரைப் பேணும் செவிலியர் பணியே அது.

இப்பணி ஏன் தேவை? 2015–16 ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு மருத்துவம் எட்டவில்லை. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சையின்றி இருந்தனர். நோய் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. மருந்தையும் நோயாளியையும் சேர்த்து வைக்கும் ஆள்தான் போதவில்லை.

ஆள் இல்லாத இடத்தில் என்ன நேரும்? 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்ததை நாடு மறக்கவில்லை. தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களுமே. வேறு வழி தெரியாமல் விட்டார்கள். வழி காட்ட அவர்கள் ஊரில் ஒரு செவிலியர் இருந்திருப்பின் பலர் தம் வீட்டிலேயே வாழ்ந்திருக்கக் கூடும். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்துள்ளது. சமுதாயத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்களது உரிமை என்றும் கூறுகிறது. சட்டம் சங்கிலியை நீக்கும். நீக்கியபின் அம்மனிதனோடு நடந்து செல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

மனநோயாளரை மதிலுக்குள் வைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. சென்னையில் 1794 ஆம் ஆண்டிலேயே மனநோயாளர்க்கு ஒரு விடுதி தோன்றியது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள அரசு நிறுவனம் 1871 முதல் இயங்கி வருகிறது. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரும் நிலை மாறி, மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும் என்னும் கருத்தில் 1982 ஆம் ஆண்டு தேசிய மனநலத் திட்டம் பிறந்தது. 1996 ஆம் ஆண்டு மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றுள் ஒன்று நமது திருச்சிராப்பள்ளி. அத்திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருடன் செவிலியர்க்கும் இடமுண்டு.

அச்செவிலியர் செய்வது என்ன? மனச்சிதைவு நோய் கண்ட இளைஞன் ஒருவன், 'எனக்கு நோயே இல்லை' என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறான். அவனிடம் வாதாடாமல் பேசி, இரண்டு அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் ஊசிக்கு இசைய வைப்பவர் செவிலியர். மருந்தினால் கை நடுங்குகிறதா, உடல் விறைக்கிறதா என்று கண்டு மருத்துவர்க்குத் தெரிவிப்பவரும் அவரே. லித்தியம் உண்பவர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வார். மகப்பேற்றுக்குப் பின் குழந்தையை ஏறிட்டும் பாராமல் அழுதிருக்கும் தாயைக் கண்டு, அது திமிரும் அன்று, பேயும் அன்று, நோய் என்று மாமியார்க்கு விளக்குவார். வாழ்வு வெறுத்துப் பேசுபவரிடம், 'சாக நினைத்ததுண்டா?' என்று நேரிற் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் திறக்கவே அது உதவும். குடிநோயும் மனநல மருத்துவத்தின்பாற் பட்டதே என்பதை நம் குடியிருப்புகளில் எடுத்துச் சொல்லவும் அவரால் இயலும்.

நம் பெற்றோர்க்கு இதில் சில ஐயங்கள் எழுதல் இயல்பு. 'பைத்தியக்காரர்களோடு பழகினால் பெண்ணுக்குத் திருமணம் அமையுமா?' என்பது ஒன்று. மனநோய் தொற்றுநோய் அன்று. மனநோயாளருள் பெரும்பாலோர் பிறரைத் தாக்குபவரும் அல்லர்.

'பிறர் அழுக்கைச் சுமந்த தலைமுறை போதாதா, படித்த பிள்ளையும் அதே தொண்டு செய்வதா?' என்பது மற்றொன்று. இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கூலியும் மதிப்பும் இன்றிப் பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட வேலை வேறு. கற்று, தேர்வெழுதி, பதிவு பெற்று, ஊதியம் வாங்கிச் செய்யும் தொழில் வேறு. முன்னதில் நமக்கு மறுக்கும் உரிமை இல்லை. பின்னதில் ஊசியின் அளவையும் நோயின் போக்கையும் அறிந்தவராக நாம் நிற்கிறோம். வீட்டின் பின்கட்டில் அடைத்து, தனித் தட்டில் சோறிட்டு ஒதுக்கப்படும் மனநோயாளியின் நிலை, ஒதுக்கப்பட்ட மக்களாகிய நமக்கு விளங்காததன்று. அது விளங்குவதால் மட்டும் நல்ல செவிலியர் ஆகிவிட முடியாது, கல்வியும் வேண்டும். எந்த வீட்டு வாயிலிலேனும் சாதி கேட்கப்படுமாயின், நாம் அங்கு நிற்பது சட்டம் தந்த தகுதியால் என்பதை நினைவிற் கொள்க.

இனி வழியைக் கூறுவோம். 12 ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களை எடுத்துப் படித்தல் நன்று. செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள், பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். இரண்டிலும் மனநலச் செவிலியம் ஒரு பாடம். மனநல மருத்துவமனையில் பயிற்சியும் உண்டு. முடித்தபின் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தல் வேண்டும். பின்னர் மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயமோ, பட்டதாரியாயின் 2 ஆண்டு முதுநிலைப் படிப்போ பயிலலாம். நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய படிப்புகளை நடத்துகின்றன. அரசுக் கல்லூரிகளில் பட்டியல் இனத்தார்க்கு 18 விழுக்காடு இடமும், 2009 முதல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. வருமான வரம்புக்கு உட்பட்டோர் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை பெறலாம். அரசுப் பணிக்கு 2012 இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் தேர்வு செய்கிறது. ஆண் பிள்ளைகளும் இப்பணிக்கு வரலாம். மனநல மருத்துவமனைகளில் ஆண் செவிலியர் தேவை மிகுதி.

ஓர் எச்சரிக்கை. 'ஆறு மாதத்தில் நர்சு' என்று தெருமுனையில் பலகை மாட்டிய பயிற்சி நிலையங்களில் நகையை அடகு வைத்துச் சேர்ந்த பெண்கள் பலர். அவர்கள் பெறும் சான்றிதழை நர்சிங் கவுன்சில் ஏற்பதில்லை. அரசுப் பணிக்கு அது செல்லாது. தனியார் மருத்துவமனையில் சொற்பக் கூலியே மிஞ்சும். பணம் கட்டுமுன் அந்நிறுவனம் கவுன்சிலின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிடில் உங்கள் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இப்பணி எளிதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் இருக்க நேரலாம். பணி நிரந்தரம் கோரி 2017 இல் செவிலியர் சென்னையில் போராடியதைச் செய்தித்தாளில் படித்தோம். ஆறு மாதம் பேணியவர் மீண்டும் நோயுறுவார்; மனம் தளரும். அத்தருணத்தில் மூத்தவரிடம் பேசவும், தம் மனநலத்தையும் காத்துக்கொள்ளவும் செவிலியர் கற்கவேண்டும். எவர்க்கேனும் துயரம் தாங்க முடியாதபோது 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்; டெலி மானஸ் என்னும் அச்சேவை 2022 முதல் நடைபெறுகிறது. இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கல்விக் கழகத்திற்கு நம் வேண்டுகோள் மூன்று. ஒன்று, ஆண்டுதோறும் 10 ஆம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளை அறிவியல் பாடப் பிரிவில் சேர்க்கத் துணை நில்லுங்கள். இரண்டு, செவிலியர் கல்லூரி விண்ணப்பக் காலத்தில் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உரிய நாளில் கிடைக்க உடன் செல்லுங்கள். மூன்று, சேர்ந்த முதலாண்டில் ஆங்கிலப் பாடநூல் கண்டு அஞ்சி எந்தப் பிள்ளையும் திரும்பி வந்துவிடாதபடி, முன்னே படித்தவரைக் கொண்டு மாலையில் பாடம் சொல்லித் தர ஏற்பாடு செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் கதவு நெடுநாளாய்ச் சாத்தியே இருக்கலாம். அதைத் தட்டி, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும் தகுதியை நீங்கள் பெறவேண்டும். பெறுவீர்கள் என்று நம்புகிறோம். கழகம் மேன்மேலும் வளர்க!