திருப்பயணத்தில் நம் பிள்ளை எங்கே?



ஆகஸ்ட் 29 நெருங்கிவிட்டது. அன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புப் பெருவிழா. நம் பங்குகளில் பலர் இப்போதே வேன் பேசிவிட்டார்கள். முன்சீட்டில் யார், புளிச்சோறா எலுமிச்சைச் சோறா, யாருக்கு வண்டியில் வாந்தி வரும் என்பதெல்லாம் வீடுகளில் பேசி முடிவாகிக்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நம்மோடு வருகிற பதின்மூன்று வயது மகனும் பதினாறு வயது மகளும் எந்த மனத்தோடு வருகிறார்கள்?

சின்னப் பிள்ளைகளைப் பற்றி நமக்குக் கவலை அதிகம். கையைப் பிடித்தபடியே நடக்கிறோம். உள்ளங்கையில் போன் நம்பரை எழுதிவிடுகிறோம். செய்யவேண்டியதுதான். வளர்ந்த பிள்ளை விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. அவன் கடைசி சீட்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வண்டியில்தானே இருக்கிறான் என்று நாமும் நிம்மதியாகச் செபமாலை சொல்லிக்கொண்டு போகிறோம்.

திருக்குடும்பத்திலும் இப்படி ஒன்று நடந்தது. லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோசேப்பும் மரியாவும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகிறவர்கள். நாசரேத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். நடந்தால் பல நாள் பயணம். திருப்பாடல்கள் 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும் இப்படி எருசலேமுக்கு ஏறிப்போனவர்களின் திருப்பயணப் பாடல்கள்தான். பன்னிரண்டு வயதில் இயேசுவும் உடன் போனார். விழா முடிந்து திரும்பும்போது அவர் எருசலேமிலேயே தங்கிவிட, ஒரு நாள் பயணம் முடிந்த பிறகுதான் பெற்றோர் அவரைத் தேடுகிறார்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக நடந்ததால் இப்படி ஆயிற்று என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. நற்செய்தியில் அது இல்லை. பயணிகள் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்கறை இல்லாத பெற்றோரா அவர்கள்? கூட்டத்தோடு வருகிறான் என்பதையே நம்மோடு வருகிறான் என்று எடுத்துக்கொள்வது நல்ல பெற்றோருக்கும் நடக்கிறது.

மூன்று நாளுக்குப் பின் கண்டுபிடிக்கிறார்கள். எங்கே? கோவிலில், போதகர்கள் நடுவில். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பல நேரம் நாம் தவறாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பிரசங்கம் செய்துகொண்டிருந்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்கள். லூக்கா முதலில் சொல்வது, அவர் கேட்டுக்கொண்டிருந்தார், கேள்வியும் எழுப்பினார் என்பதே. அந்தப் பெரியவர்களும், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இங்கென்ன வேலை என்று விரட்டவில்லை.

நம் பிள்ளைகளிடமும் கேள்விகள் இருக்கின்றன. நம் ஊர்க் கோவிலில் இல்லாத மாதாவா வேளாங்கண்ணியில் இருக்கிறார்? முடியைக் கொடுத்தால் கடவுளுக்கு என்ன கிடைக்கும்? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளே பலர் இறந்தார்களே, மாதா ஏன் காப்பாற்றவில்லை? கடைசிக் கேள்வியைக் கேட்டால் பல வீடுகளில், "வாயை மூடு, பாவம்" என்றுதான் பதில் வரும். கேட்டது பாவமல்ல. இறைவனோடு வாதாடும் யோபுவின் குரலும் நம் விவிலியத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடற்கரையில் பிள்ளையோடு நின்று, "எனக்கும் புரியவில்லை, கண்ணு" என்று சொல்லி, இறந்தவர்களுக்காக இருவருமாக ஒரு பரலோக மந்திரம் சொன்னால் அதுவும் திருப்பயணமே. மகன் சொன்னது மரியாவுக்கும் யோசேப்புக்கும் விளங்கவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். மரியா கோபித்துக்கொண்டு பேச்சை முடிக்கவில்லை. எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருந்தார்.

வேளாங்கண்ணி மரபையே கவனியுங்கள். மாதா குளத்தருகே குழந்தைக்குப் பால் கேட்ட அன்னை யாரிடம் கேட்டார்? நாகப்பட்டினத்திலிருந்த எசமானுக்குப் பால் கொண்டுபோன ஒரு சிறுவனிடம். நடுத்திட்டில் யாரிடம் மோர் கேட்டார்? நடக்க முடியாத ஒரு மோர்க்காரச் சிறுவனிடம். தமக்கு ஆலயம் எழுப்பச் சொல்லும் செய்தியையும் அவனிடம்தான் கொடுத்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். அவன் எழுந்து ஓடினான். அங்கிருந்த பெரியவர் அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். முதலில் ஓர் ஓலைக் கொட்டகை எழுந்தது. 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட ஆலயத்தின் தொடக்கம் அதுதான்.

இனி நேர்ச்சை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும், ஏனென்றால் திருப்பயணத்தில் வளர்ந்த பிள்ளைகள் அதிகம் அழுவது இதனால்தான். பிள்ளை கைக்குழந்தையாக மருத்துவமனையில் கிடந்தபோது, "மாதாவே, பிழைக்க வையுங்கள், மொட்டை போட்டுக் கூட்டி வருகிறேன்" என்று தாய் வேண்டியிருப்பார். வசதி இல்லை, வேலை, வீடு மாற்றம் என்று ஆண்டுகள் ஓடியிருக்கும். இப்போது அந்தப் பிள்ளை பிளஸ் ஒன் படிக்கிற பெண். மாட்டேன் என்கிறாள். தாய் குருவிடம் வருகிறார்: "சாமி, நேர்ச்சையை முடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?"

அந்தத் தாயின் பயத்தை நாம் கேலி செய்யக்கூடாது. அந்த இரவில் அவருக்கு வேறு பிடிமானம் இருந்திருக்காது. ஆனால் திருச்சபையின் போதனை தெளிவானது. நேர்ச்சை என்பது அறிந்து, மனம் விரும்பி கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அது அதைக் கொடுத்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1193ஆம் சட்டம். தாய் கொடுத்த வாக்குக்கு மகளின் தலைமுடி பிணை அல்ல. வாக்குக் கொடுத்தவரே அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம். தாயே முடி கொடுக்கலாம், ஏழைப் பிள்ளை ஒன்றின் படிப்புக்கு உதவலாம். தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்கு அளிக்கப் பங்குத்தந்தைக்கும் அதிகாரம் உண்டு. மகள் தானாக விரும்பி முடி கொடுத்தால் அது அழகான காணிக்கை. இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடிக்க, கண்ணீரோடு கொடுத்தால் அது யாருடைய காணிக்கை? அந்தப் பெண் மறுபடி அந்த வாசலை மிதிப்பாளா என்பதையும் யோசிக்கவேண்டும். அன்னை கடன் வசூலிக்க வருகிறவர் அல்ல.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழா நாள்களில் போன் கிடைக்காமல் போகலாம். பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் வந்து நிற்பது என்று வண்டியை விட்டு இறங்கியதுமே பேசிவையுங்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வளர்ந்த பிள்ளையிடம் கொடுங்கள். தம்பி தங்கையை அவன் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வான். வழியில் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பேசவிடுங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் பேசமாட்டான். அதற்காகப் போனை எடுத்துவிடாதீர்கள்.

புறப்படும் முன் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவீர்கள் அல்லவா? நிறைவேறாத நேர்ச்சை ஏதாவது வீட்டில் இருந்தால், அதைப் பற்றி அப்போதே உங்கள் பங்குத்தந்தையிடம் பேசிவிடுங்கள், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.