எவருக்காகவும் எழுந்து நின்றவர்: வழக்கறிஞர் சுபாஷ் ஆனந்தன் நினைவுரை



அமரர் சுபாஷ் ஆனந்தன் அவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அவருடைய தாடி வைத்த முகத்தை நாளிதழ்களில் பார்க்காதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். சிங்கப்பூரில் பெரிய கொலை வழக்கு என்றாலே அவர் பெயர் அடிபடும். அதனாலேயே நம்மில் பலர் மனத்தில் ஒரு கேள்வியும் இருந்தது. மனைவி, மகன் என்று நல்லபடியாக வாழ்கிற ஒரு மனிதர், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக ஏன் வாதாட வேண்டும்? இன்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அவர் 1947 டிசம்பர் 25-ஆம் நாள் கேரளத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இங்கே வந்தார். தந்தையார் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கிராணி. மலையாளிகளும் தமிழர்களும் அந்தக் குடியிருப்புகளில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய்வந்து வாழ்ந்த காலத்தை இங்குள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்படைத் தளப் பள்ளியிலும், பிறகு ராஃபிள்ஸ் கல்விநிலையத்திலும் படித்தார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1971-இல் வழக்கறிஞரானார். ஆங்கிலேயப் படைகள் மூட்டை கட்டிய ஆண்டும் அதுதான்.

தொழிலில் காலூன்றத் தொடங்கிய நேரத்தில், 1976-இல், அவரையே பிடித்துக்கொண்டு போனார்கள். இரகசியக் கும்பலோடு தொடர்பு என்று பழி. வழக்கு விசாரணை கிடையாது. 1955-இல் தற்காலிகச் சட்டம் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீட்டித்து, இன்றும் நடைமுறையில் இருக்கிற சட்டத்தின்கீழ் அவர் தடுத்து வைக்கப்பட்டார். (தற்காலிகம் என்ற சொல்லுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் வேறெங்கும் கிடைத்திருக்குமா தெரியவில்லை.) பல மாதங்களுக்குப் பிறகு வெளியே வந்தார். தம்மீது சுமத்தப்பட்டது கட்டிவிட்ட பழி என்பதைக் கடைசிவரை உறுதியாகச் சொன்னார். அதன்பின் சட்டத் தொழிலை விட்டு வேறு வேலை பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கறுப்பு அங்கியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். கதவு வெளிப்பக்கம் பூட்டப்படும்போது உள்ளே இருப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பது அனுபவத்தில் தெரிந்த வழக்கறிஞர் அவர்.

சிலப்பதிகாரம் நமக்குப் புதிதல்ல. மதுரையில் கோவலனுக்கு என்ன நடந்தது? பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், காவலர் போனார்கள், வெட்டுண்டான். ஒரே ஒருவர் குறுக்கே நின்று, “அரசே, அந்தச் சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா, முதலில் உடைத்துப் பார்ப்போம்” என்று கேட்டிருந்தால் போதும். அப்படிக் கேட்க அங்கே ஆள் இல்லை. கண்ணகி வந்து கேட்டபோது கேள்வி சரியாகத்தான் இருந்தது, காலம் கடந்துவிட்டது. கோவலன் நல்லவன் என்று கதை படிக்கிற நமக்குத் தெரியும். அன்று மதுரைத் தெருவில் நின்றவனுக்கு அவன் சிலம்பு திருடன்தானே!

2004-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை எண்ணிப் பாருங்கள். பாசிர் பாஞ்சாங் மொத்த வியாபாரச் சந்தைப் பகுதியில் எட்டு வயதுச் சீனச் சிறுமி காணாமல் போய், பிறகு பிணமாகக் கிடைத்தாள். நாடே அழுதது. கைதானவர் அங்கே காய்கறி பொட்டலமிடும் வேலை பார்த்த மலேசிய இளைஞர். அவருக்காக எழுந்து நின்றவர் சுபாஷ். ஊர் முழுவதும் வெறுக்கும் ஒருவருக்காக வாதாடுபவர் மீதும் அந்த வெறுப்பில் ஒரு பங்கு வந்து விழத்தான் செய்யும். 2005-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2006-இல் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனால் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளவில்லை. ஒருவர், கொலை ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று மாறுபட்டார். அவ்வாண்டே அந்த இளைஞர் தூக்கிலிடப்பட்டார். வழக்கு தோற்றதுதான். இருந்தாலும் நாட்டின் உச்ச மன்றத்திலேயே ஒரு நீதிபதிக்கு ஐயம் எழும் அளவுக்கு அதில் பேச விஷயம் இருந்திருக்கிறது. கூட்டத்தில் நின்று கத்திய நமக்கு அது எங்கே தெரிந்தது?

சிங்கப்பூரில் 1970 முதல் ஜூரி முறை கிடையாது. கொலை நிரூபணமானால் தூக்கு ஒன்றே என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் சில வகைக் கொலைகளில் நீதிபதிக்கு ஆயுள் தண்டனை விதிக்கும் உரிமை கிடைத்தது. அப்படிப்பட்ட மன்றத்தில் வழக்கறிஞரின் ஒரு கேள்விக்கு எவ்வளவு கனம் என்று நினைத்துப் பாருங்கள். குற்றவியல் வழக்கறிஞர்களுக்குத் தனிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் இவர்தான்.

தண்டனை முடிந்து வெளியே வருபவர்களையும் அவர் மறக்கவில்லை. நம் இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற பெயரில் மறுவாழ்வு இல்லம் அமைத்ததை அறிவீர்கள். அங்கே பணியாற்றிய தொண்டூழியர்களைக் கேளுங்கள். வேலை தேடித் தருவதுகூட எளிது, வீட்டுக் கதவைத் திறக்க வைப்பதுதான் கடினம் என்பார்கள். குற்றம் செய்தவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர். சொந்தக் குடும்பத்தின்மேல் உயிரையே வைத்திருந்த சுபாஷுக்கு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எளிதாக இருந்திருக்குமா?

2008-இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். “தி பெஸ்ட் ஐ குட்” என்று பெயர். ‘என்னால் முடிந்த அளவு’ என்று நாம் சொல்லலாம். இதய நோய், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு என்று உடல் அவரை விடவில்லை. இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டிருந்த நாள்களில் மனைவியார்தான் பக்கத் துணை. 2015 ஜனவரி 7-ஆம் நாள், 67-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய இரண்டாவது நூல் அதன் பிறகே வெளிவந்தது.

மஞ்சள் நாடா நிதி இப்போது அவர் பெயரில் ஓர் உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. சிறையிலிருந்து மீண்டு மேற்படிப்பைத் தொடர விரும்புவோருக்கு அது உதவுகிறது. நம் ஆலயத்திற்கு வரும் குடும்பங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.