காணாத சுறாவும் கண்ட பயமும்



கண்டியில் கடல் இல்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ எழுபது மைல் தள்ளி, மலைகளுக்கு நடுவே இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டு. ஒன்று, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவி. மற்றது, நகரை வளைத்தோடும் மகாவலி. சுறா எங்களுக்குச் சந்தையில் கருவாடாகவும், பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியக் கறியாகவும்தான் அறிமுகம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சுறாவுக்குப் பயப்படுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் நீங்கள் சிரிக்கக்கூடும்.

சென்ற விடுமுறையில் என் தங்கையின் மகன் வந்திருந்தான். இருபது வயது. கணினியில் பிறந்த டைனோசர்களையும் வேற்றுக்கிரக வாசிகளையும் பார்த்து வளர்ந்தவன். 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜோஸ்' என்ற ஆங்கிலப் படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். சுறா தண்ணீரை விட்டு முழுதாக எழும்பிப் படகின் மேல் விழுந்தபோது, "மாமா, இது றப்பர்தானே!" என்று சிரித்தான். அவன் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு வெகுநேரம் முன்னரே நான் வேறொன்றைக் கவனித்திருந்தேன்.

இரவில் இரண்டு பேர் ஒரு மரத் துறையிலிருந்து சங்கிலியில் இறைச்சியைக் கட்டிக் கடலில் எறிகிறார்கள். ஏதோ ஒன்று அதைக் கவ்வி இழுக்கிறது. துறையின் நுனி முறிந்து, ஒருவன் தண்ணீரில் விழுகிறான். முறிந்த மரத்துண்டு கடலை நோக்கி இழுபட்டுப் போகிறது. பிறகு அந்த மரத்துண்டு மெல்லத் திரும்புகிறது. நீந்துகிறவனை நோக்கி வருகிறது. அவ்வளவுதான். சுறாவின் செதில்கூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் மருமகன் தன் இரண்டு கால்களையும் தூக்கிக் கதிரையின் மேல் வைத்துக்கொண்டான். கீழே இருந்தது சிமெந்துத் தரை.

கண்ட சுறாவுக்குச் சிரித்தவன், காணாத சுறாவுக்குக் காலைத் தூக்கினான். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இந்தப் படம் ஏன் பயமுறுத்துகிறது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சிறப்பு முழுவதும் திட்டமிட்டு வந்ததல்ல. பீற்றர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய நாவலைப் படமாக்க வந்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கிற்கு அப்போது இருபத்தேழு வயது. இருபத்தைந்து அடி நீளத்தில் இயந்திரச் சுறாக்களைச் செய்து, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குக் கொண்டு போனார்கள். உப்புத் தண்ணீர் பட்டதும் அவை பழுதாகத் தொடங்கின. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வேலை செய்யவில்லை. கதையோ சுறாவைப் பற்றியது. என்ன செய்வது? சுறா இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்தார்கள், மிதக்கும் மஞ்சள் பீப்பாவை வைத்தார்கள், நீந்துகிறவர்களின் கால்களைக் கீழிருந்து பார்க்கும் கமெராவை வைத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகச் சுறாவைச் சரியாகக் காட்டாமலே கதை நகர்கிறது. வேர்னா பீல்ட்ஸ் என்ற பெண்மணி படத்தைத் தொகுத்தார். எந்தக் கணத்தில் வெட்டினால் றப்பர் உயிராகத் தோன்றும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒஸ்கார் விருது அவரைத் தேடி வந்தது.

அடுத்தது ஓசை. வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இது நன்றாகப் புரியும். ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையின் உயிர் இரண்டே சுரங்கள். தூரத்தில் மெதுவாக, கிட்ட வர வர வேகமாக. இதில் ஒரு நேர்மை இருக்கிறது. இரண்டு சிறுவர்கள் போலிச் செதிலைக் கட்டிக்கொண்டு நீந்தி ஊரை ஏமாற்றும்போது அந்த இசை வருவதில்லை. உண்மைச் சுறா வந்தால்தான் இசை வரும் என்று எங்கள் காது பழகிக்கொள்கிறது. பழகிய பின்னர், ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லாமல், இசையே இல்லாமல், சுறா படகின் பின்னால் தலையைத் தூக்குகிறது. நம்பியிருந்த காவல்காரன் கைவிட்டது போன்ற அதிர்ச்சி அது.

இந்தப் படத்தின் ஆகப் பயங்கரமான பகுதியில் சுறாவும் இல்லை, இசையின் ஆரவாரமும் இல்லை. இரவில் படகுக்குள் மூவர் இருக்கிறார்கள். கிழ மீனவனாக நடித்த ரொபேட் ஷோ, 1945இல் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்ட 'இந்தியானாபொலிஸ்' போர்க்கப்பலின் கதையைச் சொல்கிறார். ஏறத்தாழ 1,200 பேர் இருந்த கப்பல். மீண்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். வேறொரு இயக்குநர் அந்தக் கப்பலையும் கடலையும் இரத்தத்தையும் காட்டியிருப்பார். இங்கே ஒரு மனிதர் பேசுகிறார், இருவர் கேட்கிறார்கள். மின்சாரம் வராத காலத்து லயத்து வாசலில், குப்பி விளக்கின் முன்னே, பாட்டி முனியின் கதை சொன்னது இப்படித்தான். அவள் எந்த முனியையும் காட்டவில்லை. ஆனாலும் கதை கேட்டபின் பீலிக்குத் தனியே போகத் துணிந்தவர் யார்?

இந்த ஸ்பீல்பேர்க் எங்கள் ஊருக்கு அந்நியர் அல்லர். 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்துக்கு இந்தியாவில் அனுமதி கிடைக்காமற்போக, 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்தார். இந்தியக் கிராமம் என்று அதில் வருவது எங்கள் ஹந்தானை. கிராமத்துப் பெரியவராக வரும் டி. ஆர். நாணயக்கார பேசுவது சிங்களம். அந்தப் படத்தில் எல்லாமே காட்டப்படுகின்றன. பூச்சிகள், பாம்புகள், மார்பிலிருந்து பிடுங்கிய இதயம். இன்று பிள்ளைகள் அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் கயிற்றுப் பாலக் காட்சியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த பக்கத்தில், உண்மையான பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்ட உண்மைப் பாலம். பேராதனைப் பூங்காவின் தொங்குபாலத்தில் நடந்த எவருக்கும், பலகை ஆடும்போது உள்ளங்காலில் ஏறும் கூச்சம் தெரியும். தந்திரக் காட்சிக்கு வயது போகும். உள்ளங்காலின் கூச்சத்துக்கு வயது போவதில்லை.

இன்னொரு பயமும் 'ஜோஸ்' படத்தில் உண்டு. அது தண்ணீருக்குள் இல்லை, கரையில் நிற்கிறது. முதற் பெண் இறந்ததும் கடற்கரையை மூட வேண்டும் என்று பொலிஸ் அதிகாரி நினைக்கிறார். உல்லாசப் பயணிகளின் பணம் போய்விடும் என்று நகர முதல்வர் தடுக்கிறார். அதிகாரி இணங்கிப் போகிறார். ஒரு சிறுவன் இறக்கிறான். கறுப்பு உடையில் வரும் தாய், அந்த அதிகாரியின் கன்னத்தில் அறைந்து, தெரிந்துகொண்டே விட்டீர்களே என்று கேட்கிறாள்.

அந்த இடத்தில் எனக்கு மீரியபெத்தை நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது; மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். மலைநாட்டில் இருப்பவனுக்குச் சுறா வராது. ஆனால் தெரிந்தும் மூடாத கடற்கரைகள் எங்களுக்கும் உண்டு. றப்பர் சுறாவைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்த நகர முதல்வரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது சுறா இனம். உலகம் முழுவதிலும் சுறாவால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர் கொல்லும் சுறாக்களோ கோடிக்கணக்கில். படத்தின் பின்னர் வீரத்துக்காகச் சுறா வேட்டையாடியவர்கள் பெருகினார்கள். நாவலை எழுதிய பெஞ்ச்லி அதை எண்ணி வருந்தி, 2006இல் இறக்கும்வரை கடலுயிர்களைக் காக்கப் பேசினார், எழுதினார். ஸ்பீல்பேர்க்கும் 2022இல் தன் வருத்தத்தைச் சொன்னார். நல்ல கலை பயத்தை உண்டாக்கலாம். அந்தப் பயத்தை யார் மேல் இறக்கி வைக்கிறோம் என்பது எங்கள் பொறுப்பு.

மறுநாள் மாலை நானும் மருமகனும் வாவியைச் சுற்றி நடந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கறுத்திருந்தது. "மாமா, இதற்குள்ளே என்ன இருக்கும்?" என்றான்.

"மீன் இருக்கும், ஆமை இருக்கும், கபரகொய்யா இருக்கும்" என்றேன்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு, சுவரோரமாக நடந்தவன் மெல்ல என் மற்றப் பக்கத்துக்கு வந்துவிட்டான்.